அண்ணனுக்குப் பார்த்த பெண்

மல்லாங்கிணற்றில் இடப்பக்கம் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினேன். வலப்பக்கமிருந்து வந்த லாரி உரசாத குறையாகப் போனது. ஷார்ஜாவில் வண்டிகள் வரும் திசை வேறு. கழுத்து அதற்குப் பழகிவிட்டது. பின்னால் அம்மா வந்துகொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலிருந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கிளம்பியிருந்தோம். லீவு முடிந்தும் நான் ஏன் திரும்பவில்லை என்று ஷார்ஜா லேபர் கேம்ப்பில் கேட்கிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் மாரியப்பனுக்கு வயது முப்பது. மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் வெளியே சொன்னதில்லை. ஏழாயிரம்பண்ணையில் அம்மாவோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய் லேபிள் ஒட்டுவான். தனியாகப் பஸ் ஏறத் தெரியாது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அப்பா சாகும்வரை சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. தனக்குப் பிறகு அவனுக்குச் சோறு போட ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான்.

பெண் வீட்டில் அம்மா அவனுடைய போட்டோவை மட்டும் காட்டினாள். "சீசன்லா, ஆர்டர் நெருக்குது. லீவு தர மாட்டேங்காக" என்றாள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெண்ணின் அம்மா என்னிடம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க வெளிநாடு பாத்தவுக. உள்ளதைச் சொல்லுங்க. உங்க அண்ணன் தண்ணி கிண்ணி போடுவாகளா?"

குடிக்க மாட்டான் என்றேன். மற்றதையும் சொன்னேன். கதவருகே நின்ற பெண் என்னைப் பார்க்கவில்லை. என் அம்மாவைத்தான் பார்த்தாள்.

பஸ் வரும்வரை அம்மா பொறுக்கவில்லை.

"பொய் சொல்லியாவது அவனுக்கு ஒரு துணையைச் சேத்திருப்பேன். கெடுத்துட்டியேலே."

"அந்தப் பிள்ளை என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"உங்கப்பனை எனக்குக் கட்டி வைக்கையில எங்கிட்ட எவன் கேட்டான்? அப்ப நீ இரு. இங்கன இருந்து நீ பொங்கிப் போடு. பொட்டியைத் தூக்கிட்டு ஓடத்தான தெரியும் உனக்கு!"

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டவன் நான். திருப்பூர், பம்பாய், ஷார்ஜா என்று எங்கும் நிலைத்ததில்லை.

கேம்ப்புக்கு எதிரே ரொட்டி சுடும் எகிப்துக்காரரை உங்களுக்குத் தெரியும். அவர் மகனும் அண்ணனைப் போலத்தான். மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்று ஒருமுறை அரைகுறை இந்தியில் கேட்டேன். நான் ஏதோ பெண் கொண்டு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, "அவனிடம் கேள்" என்று கையைக் காட்டினார். மகன் யோசித்தான், வேண்டாமென்று தலையாட்டினான், ரொட்டியைத் திருப்பிப் போட்டான். பேச்சு அத்தோடு முடிந்தது.

வீடு சேர்ந்ததும் அண்ணனிடம் கேட்டேன். அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, உனக்குக் கல்யாணம் வேணுமா?"

"வேணும்" என்றான் உடனே. "அவ ஊருக்குப் போக மாட்டால்ல? நீ போயிருவ."

மறுநாள் காலை அவர்களோடு கம்பெனி வேனில் ஏறினேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். கம்பெனியில் லோடு ஏற்ற ஆள் தேவைப்பட்டது.

"என்ன துபாய்க்காரரே, எம்புட்டு நாளைக்கு?" என்றார் போர்மேன்.

"சீசன் முடியட்டும்ணே."

நான் போட்டிருந்த ஷார்ஜா கம்பெனியின் நீல யூனிபார்மை அவர் தொட்டுப் பார்த்தார். "பாலியஸ்டர். உரசினா பொறி வரும். இது வெடிமருந்து இருக்கிற இடம், ஒரு பொறி போதும். பருத்தி போட்டுட்டு உள்ள வாங்க."

முதுகில் அரபி எழுத்திருந்த சட்டையைக் கழற்றி வெளியே முள்வேலியில் தொங்கவிட்டேன். வேலைக்கென்று வைத்திருந்த பழைய சட்டைகளில் ஒன்றை அண்ணன் நீட்டினான். தோளில் இறுக்கியது. அதோடுதான் முதல் பெட்டியைத் தூக்கினேன்.