சைக்கிள் பம்பு காப்பாற்றிய பரீட்சை

ஊரடங்கு வருஷம். அக்காவுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கல்லூரிப் பரீட்சை, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுத வேண்டியது. அரியர் வைத்தால் படிப்பு போதும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அன்று பார்த்து, காலையிலிருந்து கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் ஓடும், கொதிக்கும், பொசுக்கென்று அணைந்துவிடும்.

ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். "தறி ஓடுத வீடுல்லா, பஞ்சு போயி அடச்சிருக்கும். காத்து டப்பா வாங்கி அடிச்சாச் சரியாயிரும். ஆனா சங்கரன்கோவில்ல எந்தக் கடை தொறந்திருக்கு, மக்கா?"

அம்மா சும்மா இருப்பாளா? எங்கள் ஊரில் காய்ச்சலோ சொறியோ, எதற்கும் கோவில் புற்றுமண்தான். ஒரு கை அள்ளி, பெட்டியின் பக்கத்து ஓட்டைகளில் தேய்த்து, கும்பிட்டபடி சுவிட்சைப் போட்டாள். உள்ளே சுற்றிய ஃபேன் மண்ணையும் பக்தியோடு இழுத்துக்கொண்டது. பத்து நிமிஷம் மூன்று நிமிஷமானது. அக்கா அழ ஆரம்பித்தாள்.

நான் ஏழாவது படித்தேன். எதைக் கண்டாலும் பயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கினோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். காற்றுதானே, டப்பாவில் வந்தால் என்ன, அப்பாவின் சைக்கிள் பம்பில் வந்தால் என்ன? ரீஃபில் உருவிய பேனாவைப் பம்பு டியூபில் சொருகி டேப் சுற்றினேன். ஈரம் வருமோ என்று முதலில் என் கன்னத்தில் அடித்துப் பார்த்தேன். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கை கண்டபடி சுற்றி உடைந்துவிடுமோ என்று ஓர் ஈர்க்குச்சியைக் குறுக்கே கொடுத்தேன்.

"ஏட்டி, கம்ப்யூட்டரு பஞ்சராயிட்டுன்னா நெனச்ச?" என்று அழுகையிலும் அக்கா கேட்டாள்.

அடித்தேன். பூனை வால் கணக்கில் பஞ்சு வந்தது. பின்னாலேயே மண் புகையாக வந்தது. அம்மா ஒரு நொடி முழித்தாள். பிறகு, "பாத்தியா, நோவ எல்லாம் அம்மன் வெளிய தள்ளுதா!" என்றாள். ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை அக்காவின் பெயிண்ட் பிரஷால் தட்டி, மறுபடி அடித்தேன். தோள்பட்டை கழன்றது.

ஒன்றேமுக்காலுக்குப் போட்டோம். பத்து நிமிஷம் தாண்டியது. பெட்டி சூடாகவே இல்லை. இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு தடவைகூட அணையாமல் ஓடியது. கடைசிப் பட்டனை அழுத்திவிட்டு அக்கா என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினாள். பின்னாளில் நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். நானே எழுதிய எந்தப் பரீட்சையிலும் அப்படி ஜெயித்ததில்லை.

அந்த மூன்று மணி நேரமும் அவளுக்குப் பின்னால் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். கரண்டு போகுமோ, நெட் நிற்குமோ என்று ஒன்றுமே தோன்றவில்லை. கை அசந்துபோனதால் மனசும் அசந்துவிட்டது போல என்றுதான் நினைத்துக்கொண்டேன். பயமில்லாமல் இருப்பவர்களுக்கு உள்ளுக்குள் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.