தனபாக்கியம் அம்மாளும் கூரையில்லாத பஸ்ஸும்

செவ்வாய்க்கிழமை காலை டிரைவர் முனுசாமி என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வழக்கமாகத் தெருவிலிருந்தே ஹாரன் அடித்துக் கூப்பிடுவாரே தவிர இறங்கி வரமாட்டார். "அம்மா போய்ட்டாங்க சார்" என்றார். மறுநாள் செஞ்சிக் கடைத்தெருவில் உறவினர்கள் ஒட்டிய நோட்டீஸைப் படித்தேன். 'காலஞ்சென்ற தானியக் கடை முதலாளியின் மனைவி, அடக்கமே உருவானவர்' என்று இருந்தது. அவர் பெயர் அதற்கும் கீழே, சின்ன எழுத்தில். நான் துணிச்சல்காரன் அல்ல என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய பஸ் கம்பெனியில் மேனேஜராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவர் பெயர் தனபாக்கியம். அவர் அடக்கமானவர் அல்ல.

கணவர் இறந்தபோது அவருக்கு விட்டுப்போனது ஒரு சிறு மகளும், கடை வருமானத்தில் வாங்கிய இரண்டு பஸ்களும். விற்றுவிடச் சொன்னார் கணவரின் அண்ணன். அம்மாள் கேட்கவில்லை. சீனச் சண்டை முடிந்த அடுத்த வருஷம், அவலூர்பேட்டை சாலையில் நின்றிருந்த பழைய வண்டிமேல் ஒரு புளியமரக் கிளை முறிந்து விழுந்தது. ஆட்கள் யாரும் உள்ளே இல்லை. கூரை மட்டும் நசுங்கிப் போயிற்று. புதுக் கூரை போடுவதைவிட வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடலாம் என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன்.

"சக்கரம் இன்னா கூரைலயா இருக்குது? அத்த வெட்டி எடுத்துடுங்க" என்றார் அம்மாள்.

ஒரு காலண்டரில் வெள்ளைக்காரர் ஊர்க் கடற்கரைப் படம் ஒன்றை அவர் பார்த்திருந்தார். மேலே திறந்த பஸ்ஸில் தொப்பி வைத்த பெண்கள் உட்கார்ந்து போகும் படம். அப்படியொரு வண்டியை விடுமுறை நாள்களில் பாண்டிக் கடற்கரைக்கு விட வேண்டும் என்பது அவர் எண்ணம். பாண்டி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவர் மட்டுமல்ல, நம் கடைத்தெருப் பெண்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை.

அனுமதிக்காக வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை வந்தா ஜனங்க இன்னாம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டார். "நனைவாங்க. கடலுக்குத்தான சார் போறாங்க?" என்றார் அம்மாள். அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

வண்டி முதல்முறை கிளம்பிய அந்தக் காணும் பொங்கல் காலையை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். வண்டிக்குக் கரும்பு கட்டி, சாமந்திச் சரம் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஒரு இருக்கைகூடக் காலியில்லை. புது வண்டி கிளம்பும்போது ஒரு சுமங்கலி கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பதுதான் நம் ஊர் வழக்கம். கணவரை இழந்தவள் எதிரில் வரக்கூடாது. மூடிய பஸ்ஸாக இருந்தால் அம்மாள் ஓர் ஓரத்தில் தெரியாமல் உட்கார்ந்து போயிருக்கலாம். இந்த வண்டியில் ஒளிய இடமில்லை. அவரும் ஒளியவில்லை. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

கணவரின் அண்ணன் வண்டியை மறித்தார். "கீழ எறங்கு. தாலியறுத்தவ முன்னால குந்திகினு போற வண்டி, ஊரு போயி சேருமா?"

"வண்டி என்துதான மாமா?"

"வண்டி உன்துதான். ஏறியிருக்கறது ஊரு ஜனம்!"

கற்பூரத் தட்டோடு நின்றிருந்த அவருடைய மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஒருவர் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக, தூக்குச் சட்டிகளோடு பாதி வண்டி இறங்கிவிட்டது. நான் அம்மாளிடம் போய், கடைசி இருக்கையில் உட்கார்ந்தால் பிரச்சினை தீருமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"பின்னாடி குந்தினா கடலு எனக்குக் கடசியாத்தான தெரியும், மேனேஜர்?"

அப்போது அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு கூலிக்காரம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "எங்கூர்ல நடவு நடறவள்ல பாதிப் பேரு தாலியில்லாதவதான். நெல்லு வெளயாமயா போச்சு? அந்தச் சோத்தத் துன்னுட்டுத்தான இங்க நின்னு பேசறீங்க!"

அம்மாள் இறங்கினார். தட்டை எடுத்து, தாமே கற்பூரம் காட்டி, தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். "ஏறறவங்க ஏறுங்க. ஏறாதவங்க வழிய வுடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தார். முனுசாமி யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். எப்படி ஏறினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஊர் தாண்டித் திண்டிவனம் சாலையில் திரும்பியதும் முனுசாமி பிரேக் போட்டார். கடைத்தெருவில் இறங்கிய பெண்களில் பலர் குறுக்குச் சந்து வழியாக ஓடி வந்து, மூச்சு வாங்கச் சாலையோரம் நின்றிருந்தார்கள்.

"ஏண்டி, இங்க மட்டும் என் கழுத்து தெரியலியா?" என்று கேட்டார் அம்மாள்.

"அங்க வூட்டுக்காரரு நின்னாரு அக்கா. இங்க இன்னா, காத்துதான அடிக்குது!" என்றாள் ஒருத்தி. வண்டி முழுக்கச் சிரித்தது. "ஏறித் தொலைங்கடி" என்றார் அம்மாள்.

கடலைப் பார்த்ததும் அவர் கும்பிடவில்லை, கண் கலங்கவுமில்லை. முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தப் போயி வேணாம்னாங்களே" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் வண்டி போயிற்று. முன்னிருக்கையில் அவர்தான். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நான் பொய் எழுத மாட்டேன். ஒருமுறை வழியில் அச்சு முறிந்து, வெயிலில் அரை நாள் நின்றோம். கணவரின் அண்ணன் அதைச் சொல்லிக்காட்டியபோது அம்மாள், "அச்சு ஒடஞ்சா மெக்கானிக்கக் கேளுங்க மாமா. என் கழுத்தக் கேக்காதீங்க" என்றார்.

என் மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகும் நான் எத்தனையோ வண்டிகளுக்கு எதிரே நின்றிருக்கிறேன். என்னை யாரும் ஓரம் போகச் சொன்னதில்லை. அம்மாளைத் தெரியாதிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

காரியம் முடிந்த அன்று அவருடைய கணவரின் அண்ணன் என்னை அழைத்தார். "இந்தக் கூத்து அவளோட போவட்டும், மேனேஜர். வண்டிக்குக் கூரையப் போட்டுடுங்க" என்றார். போட முடியாது என்றேன். வண்டி இனி அம்மாளின் மகளுடையது, அவளிடம் கேட்டுவிட்டேன், வருகிற காணும் பொங்கலுக்கும் திறந்தபடியே பாண்டிக்குப் போகும் என்றேன். முன்னிருக்கைகளில் கணவரை இழந்த பெண்கள் உட்காருவார்கள், தேங்காயும் அவர்களில் ஒருவர்தான் உடைப்பார் என்றேன். என் குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தேன். தனபாக்கியம் அம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.