இரண்டு சென்டிமீட்டர் குறைந்த ஸ்கேல்

பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்து மூன்று வருடமாக உதவியாளராக இருப்பவரை மாணவர்கள் ‘ஸ்க்ரூ அக்கா’ என்பார்கள். கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதன் முனை அவர் பேச்சிலும் கொஞ்சம் இருக்கும். எந்த மேசையில் எந்தக் கருவி மக்கர் பண்ணும் என்பது அவருக்கு அத்துப்படி. “என் சாமான்ல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்” என்று சவால் விடுவார். இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவள் முதலாண்டு மாணவி ஒருத்தி. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மதியம், பொருளறை வாசலில் ஸ்கேலும் கையுமாக வந்து நின்றாள். ஊசல் பரிசோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, நூலின் நீளத்தையும் அது ஆடும் நேரத்தையும் வைத்துப் புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். புத்தகத்தில் ஒன்பது புள்ளி எட்டு. அவளுக்குப் பத்து.

“சார் நோட்டைத் தூக்கிப் போட்டுட்டார்க்கா. எல்லாருக்கும் ஒன்பது புள்ளி எட்டு, உன்னை மட்டும் பூமி கூடுதலா இழுக்குதான்னு கேக்குறார். கையெழுத்து இல்லேன்னா நாளைக்குப் பரீட்சை எழுத விடமாட்டாங்க.”

“பக்கத்து நோட்டைப் பாத்து எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நாலு தடவை பண்ணேன். நாலு தடவையும் பத்துதான் வருது. வராததை எப்படிக்கா எழுதுறது?”

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ஸ்கேலை வாங்கிப் பார்த்தார். முனையைத் தடவியதும் ஞாபகம் வந்தது.

விடுமுறையில் கூரை ஒழுகி அந்த மர ஸ்கேலின் ஒரு முனை ஊறிப்போயிருந்தது. அவர்தான் இரண்டு சென்டிமீட்டரை ரம்பத்தால் அறுத்தெறிந்தார். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு எண் மட்டுமே போட்ட ஸ்கேல், வெட்டியது கண்ணுக்கே தெரியாது. ‘இரண்டில் தொடங்குகிறது’ என்று சீட்டு ஒட்டப் பசை எடுக்கப் போனவர், போனவர்தான். “குறி போடாம கத்திரியைத் தொடாதே” என்று தையல்காரக் கணவர் தன் கடைப் பையனைத் திட்டும்போதெல்லாம் சிரித்தவர் வேறு.

புது ஸ்கேலைக் கொடுத்து அனுப்பினால் காதும் காதும் வைத்ததுபோல் முடிந்துவிடும். ஆனால் சரியாக அளந்தவள் தப்பாக அளந்தவளாகவே போவாள். அதை அக்காவால் பொறுக்க முடியவில்லை. “வா என்கூட” என்று விறுவிறுவென்று பேராசிரியர் அறைக்கு நடந்தார்.

மேசைமேல் பழைய ஸ்கேலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “முனையில ரெண்டு சென்டிமீட்டர் கம்மி சார், நூல் நீளத்தை ரெண்டு கூடுதலாக் காட்டும். நான்தான் அறுத்தேன், எழுதி ஒட்ட மறந்துட்டேன். தப்பு என்னோடது. இந்த ஸ்கேலுக்குப் பத்துதான் சரியான விடை.”

பேராசிரியர் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்துதான் வந்தது.

“ஊசலுக்கு இதுவரை குடுத்தது இந்த ஒரு ஸ்கேல்தானே?”

“ஆமா சார். நாப்பது பேரும் முறை வச்சு இதுலதான் அளந்தாங்க.”

“அப்ப மத்த முப்பத்தொன்பது பேருக்கு எப்படிம்மா ஒன்பது புள்ளி எட்டு வந்துச்சு?”

முப்பத்தொன்பது நோட்டும் மேசையில்தான் அடுக்கியிருந்தன. பேராசிரியர் மூன்றை எடுத்துப் புரட்டினார். மூன்றிலும் ‘மிக நன்று’ என்று அவருடைய கையெழுத்தே அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. அவர் முகம் சுண்டிப்போனது. பாவம், கெட்ட மனிதர் இல்லை. விடையை மட்டும் பார்த்தே பழகிவிட்டவர்.

மாணவியின் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “மன்னிச்சுக்கோம்மா. மத்தவங்களைச் சாயங்காலம் வரச் சொல்லு. திரும்பவும் ஆட்டட்டும்.”

அவள் போனதும் அக்காவிடம் திரும்பினார்.

“அந்த ரம்பம் இருக்கா?”

“இருக்கு சார். ஏன்?”

“அடுத்த வருஷத்துக்குப் பத்து ஸ்கேல் வாங்கிடலாம். ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு அளவுக்கு வெட்டிக் குடுங்க. எவ்வளவு வெட்டியிருக்குன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்குத்தான் மார்க்.”

“தாராளமா சார். இந்தத் தடவை குறி போட்டுட்டுத்தான் வெட்டுவேன். ஆனா அந்தக் குறி என் நோட்டுலதான் இருக்கும்.”