லோகநாதன் தேய்த்த கிராங்க்கேஸ்

ஆரணியில் பிறந்தவன் பட்டு நெய்வான், அல்லது பட்டு விற்பான், இரண்டும் இல்லையென்றால் நெய்தவனையும் விற்றவனையும் குறை சொல்லிக்கொண்டிருப்பான். லோகநாதன் கடைசியில் இந்த மூன்று வகையிலும் சேராமல் போனார். பதினெட்டு வருஷம் தறியில் உட்கார்ந்துவிட்டு, முப்பத்திரண்டாம் வயதில், 1974-ல், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிற்று என்று எழுந்தார். எழுந்தவர் நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இடுப்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மடியில் எப்போதும் ஏதாவதொரு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அலுமினிய மூடி இருக்கும். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு மண்ணெண்ணெய் தொட்டு நயமான தாள், அதற்கும் பிறகு அதைவிட நயமானது. கடைசியில், தறியில் மிஞ்சிய பட்டுக் கழிவு நூலை உருட்டிப் பந்தாக்கி, பாலிஷ் தொட்டுத் தேய்ப்பார். மூடியில் மீசையைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ளலாம். வேலூரில் கரண்ட் மிஷின் வைத்து இதே வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். ஆனாலும் பஜார் தெரு மெக்கானிக் கந்தசாமி லோகநாதனிடம்தான் கொடுப்பார். மிஷின் பாலிஷில் அலை அலையாகத் தெரியும், லோகநாதனின் பாலிஷில் ஆள் தெரியும் என்பது அவர் கட்சி.

அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. அது வெளுக்க வெளுக்க, தேய்ப்பவன் கறுப்பான். மதியத்துக்குள் லோகநாதனுக்கு முழங்கைவரை மை பூசினாற்போல் ஆகிவிடும். உள்ளே தறியில் அவர் மனைவி கமலம் சந்தன நிறத்தில் கல்யாணப் புடவை நெய்துகொண்டிருப்பார்.

"ஊரான் வண்டிய வெள்ளையாக்கறேன்னு எங்க வூட்ட கறுப்பாக்கினு கீறீங்க" என்பது கமலத்தின் தினசரி வாழ்த்து. கிணற்றடியிலிருந்து தறி அறைக்குள் வரக் கூடாது என்பது சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. தறியை விட்டு எழுந்த அன்றே கமலம் போட்டது அது: "செய்யுங்க. வேணான்னு சொல்லல. ஆனா இந்த வேலையில மொதப் புகார் வர்ற அன்னிக்கி மறுபடியும் தறியில வந்து உட்காரணும்."

ஒன்பது வருஷம் புகார் வரவில்லை. லோகநாதன் இவ்வளவு கவனமாக வேலை செய்ததற்குத் தொழில்பக்தி காரணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காரணம் தறி.

எண்பத்து மூன்றில் கந்தசாமி முதல்முறையாக மூடிக்குப் பதிலாக எஞ்சினின் வயிற்றையே, அதாவது கிராங்க்கேஸையே, கொடுத்தனுப்பினார். போளூர் குமாஸ்தா ஜெயச்சந்திரனின் புல்லட் எஞ்சின் அது. வண்டியை விற்பதற்குமுன் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, பளபளப்பாக்கித் தரச் சொல்லியிருந்தார்.

கிராங்க்கேஸின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வரிசை எண்கள் குத்தியிருந்தன. மூடிகளில் இப்படி எதுவும் இருந்ததில்லை. லோகநாதன் அதைத் தடவிப் பார்த்தார். நெசவாளிக்குக் கண் இரண்டாவது, விரல்தான் முதல். புடவையில் தட்டுப்படும் முடிச்சுபோல் அது விரலை உறுத்தியது. பட்டு முதலாளி கொடுக்கும் பாவின், அதாவது தறியில் பூட்டும் நீளவாட்டு நூலின், முனையிலும் சாயத்தில் ஓர் எண் போட்டிருக்கும். யார் பாவு என்று அடையாளம் தெரிவதற்காக. நெய்து முடித்ததும் அந்த முனையை அறுத்து எறிந்துவிட வேண்டும். எண்ணோடு புடவையை மடித்துக் கொடுத்தால் நெய்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"கமலம், இதுல இன்னாமோ நம்பர் போட்டுக்கீறானே" என்று கிணற்றடியிலிருந்தே கேட்டார்.

"கடைக்காரன் அடையாளமா இருக்கும். நம்பரோட யாராவது பொடவைய மடிப்பாங்களா? எடுத்துடுங்க" என்றார் கமலம், தறியை நிறுத்தாமலே.

மூன்று நாள் பிடித்தது. சுத்தமாக எடுத்து, கந்தசாமிக்கு அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை ஜெயச்சந்திரன் கிராங்க்கேஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து கிணற்றடியில் இறக்கினார். ஒரு கையில் ஆர்.சி. புத்தகம்.

"லோகநாதன், இங்க எஞ்சின் நம்பர் ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்துச்சி சார். எடுத்துட்டேன்."

ஜெயச்சந்திரன் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "வண்டி யாரோடதுன்னு சர்க்காருக்குத் தெரியறதே அந்த நம்பர வச்சித்தான்யா. இது இல்லன்னா திருட்டு வண்டின்னு அர்த்தம். திருடன்கூட இவ்ளோ சுத்தமா எடுக்கமாட்டான்."

"மறுபடியும் குத்திட்டா?"

"அதுக்குத் தனியா ஜெயில். வாங்கறவர் யார் தெரியுமா? சேத்துப்பட்டு ரிட்டையர் ஏட்டு. ஞாயித்துக்கிழமை வர்றார். பாலிஷ் போட்டவர் அழிச்சிட்டார்னு சொன்னா நம்புவாரா? முப்பது வருஷமா திருடங்க சொல்ற கதையெல்லாம் கேட்டுகினு வந்த மனுஷன்."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. லோகநாதன் ஜெயிலை மறந்து தறி அறைப் பக்கம் திரும்பினார். கமலம் வாசற்படியில் வந்து நின்றார்.

"இது புகார்தானேங்க?"

"புகார்தான்" என்றார் லோகநாதன்.

கமலம் குனிந்து கிராங்க்கேஸைப் பார்த்தார். ஏதோ யோசித்தவர், "நம்ம அத்தையோட அலுமினியக் குண்டான் ஞாபகம் கீதா?" என்றார்.

புதிதாய்க் கல்யாணம் ஆன வருஷம், பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது, விவரம் தெரியாமல் மாமியாரின் குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டார் கமலம். குண்டான் கறுத்துப் போயிற்று. ஆனால் அதில் வெட்டியிருந்து, இருபது வருஷம் சாம்பலும் தேங்காய் நாரும் தேய்த்துக் காணாமல்போயிருந்த பெயர், அபிதகுசாம்பாள் என்ற அத்தனை நீளப் பெயர், ஓர் எழுத்து குறையாமல் எழும்பி வந்திருந்தது.

"தேய்ச்சாலும் போகமாட்டாங்க எங்க அத்தை. இந்த நம்பர் மட்டும் எங்க போயிடும்?"

மண்பானையில் சோடாவை நெருப்பாய்க் கொதிக்க வைத்து, குச்சியில் துணியைச் சுற்றித் தொட்டுத் தொட்டு எண் இருந்த இடத்தில் வைத்தார். லோகநாதன் பக்கத்தில் நின்று, தன் மூன்று நாள் பளபளப்பு புகைந்து மங்குவதைக் கைகட்டிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் சும்மா நின்ற முதல் மத்தியானம் அது. துடைத்தார்கள், வைத்தார்கள், மறுபடி துடைத்தார்கள். மூன்று மணி வாக்கில் சாம்பல் நிறத்துக்குள் ஒரு நிழல் தெரிந்தது. முதலில் ஓர் ஏழு. பிறகு இரண்டு சைபர். குத்திய அடி மேலே தேய்ந்தாலும் உள்ளே உலோகம் அதை மறப்பதில்லைபோலும்.

"கடைசி மூணா எட்டா?" என்று ஜெயச்சந்திரன் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். இன்னொருமுறை சோடா வைத்ததும் எட்டு ஆயிற்று. புத்தகத்திலும் எட்டு. அவர் அன்று கமலம் கொடுத்த காபியை இரண்டுமுறை வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏட்டு வந்து, பூட்டி முடித்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மங்கல் இடத்தில் குனிந்து எண்ணைப் படித்தாராம். "வண்டியிலேயே இந்த எடம் ஒண்ணுதான் நம்பற மாதிரி கீது. மத்ததெல்லாம் ரொம்ப மினுக்குது" என்றாராம். வாங்கிக்கொண்டு போனார். எண் இருக்கும் இடத்தைத் தொடாமல் விடுவது அதிலிருந்து லோகநாதனின் வழக்கமாயிற்று. அது அவர் முத்திரை என்று கந்தசாமி வாடிக்கைக்காரர்களிடம் பெருமை பேசினார்.

தறி விஷயம் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை காலை லோகநாதன் கைகளைச் சீயக்காய் போட்டு மூன்றுமுறை கழுவி, தூக்குக்குப் போகிறவர்போலத் தறி அறை வாசலில் வந்து நின்றார்.

"எடுத்துடுங்கன்னு சொன்னது நானு. அதனால பாதிப் புகார் என்னுது" என்றார் கமலம். "பாதி நாள் உட்காருங்க போதும்."

உட்கார்ந்தார். கை எதையும் மறந்திருக்கவில்லை. பத்து மணிவரை நன்றாகவே நெய்தார். பத்தரைக்குக் கமலம் வந்து பார்த்தபோது, சந்தன நிறக் கரையில், ஒன்பது வருஷமாய் நகக்கண்ணில் ஊறிக்கிடந்த அலுமினியக் கறுப்பு, கட்டைவிரல் அளவுக்கு அழகாகப் பதிந்திருந்தது.

கமலம் அதைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"எழுந்திருங்க" என்றார்.

பதினோரு மணிக்கு லோகநாதன் கிணற்றடியில் ஒரு மூடியை மடியில் வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் தாளை நனைத்தார். உள்ளே கமலம் கறையைச் சோப்பு நுரையால் ஒற்றிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார். திட்டுக்கும் தேய்ப்புக்கும் தாளம் சரியாகவே சேர்ந்தது.