குறை வேண்டி ஒரு வேண்டுதல்

என் நுரையீரலில் கட்டி என்றபோது நலம் விசாரிக்க யாரும் அவசரப்படவில்லை. ஜீன் பரிசோதனை என்ற பேச்சு காதில் விழுந்ததும், தாய்மாமன் மேட்டுப்பாளையத்திலிருந்தும் சித்தப்பா எமரால்டிலிருந்தும் பஸ் பிடித்துக் குன்னூருக்கு வந்துவிட்டார்கள். இருவர் வீட்டிலும் கல்யாண வயதில் பெண் இருந்தாள்.

கோயமுத்தூர் டாக்டர் என்னிடமும் கணவரிடமும் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கட்டியிலிருந்து எடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம், அதன் ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அதையே குறிவைத்து அடக்கும் மாத்திரை இருக்கிறது, இல்லையென்றால் கீமோ. வந்தவர்கள் இதில் ஜீன் என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"எங்க வம்சத்துல இருமிச் செத்தவிய யாருமே இல்லீங்க," என்றார் மாமா.

"அப்பறம் உங்க பெரியக்கா எதுல போனாங்களாமா?" என்றார் சித்தப்பா.

"அது மனசொடஞ்சு போனதுங்க."

சித்தப்பா பக்கமும் லேசுப்பட்டதல்ல. அங்கே எல்லோரும் வயதாகி, தூக்கத்தில், சிரித்த முகத்தோடு செத்திருந்தார்கள், பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்ச்சேர்ந்த என் அத்தை உட்பட. நடுவில் நான் இருமினேன். மெதுவாக இருமும்படி சித்தப்பா கை காட்டினார், பேச்சு கேட்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை இருவரும் ஒற்றுமையாக, என்னையும் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய், ரிப்போர்ட்டில் எந்தக் குறையும் இருக்கக்கூடாது என்று நெய்விளக்குப் போட்டார்கள். குறை இல்லையென்றால் எனக்குக் கீமோதான். கீமோவைத் தாங்க என் உடம்பில் என்ன இருக்கிறது? அவர்கள் நகர்ந்ததும் அதே விளக்குகளின் முன்னால் நின்று, "தாயே, குறை இருக்கோணும். அவிய சொன்னதக் காதுல வாங்கிக்காத," என்று கெஞ்சினேன்.

டாக்டரின் போன் வந்தபோது எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாற்றம் இருக்கும்மா. மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

நானும் கணவரும் வாய்விட்டு அழுதோம். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா போனருகே குனிந்தார்.

"இது அம்மா வழிங்களா, அப்பா வழிங்களா டாக்டர்?"

"ரெண்டும் இல்ல. கட்டிக்குள்ளேயே உண்டான மாற்றம். பரம்பரையா வந்ததில்ல."

மாமாவும் சித்தப்பாவும் கட்டிப்பிடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. மத்தியானமே மார்க்கெட்டில் கேரட் வாங்கிவந்து, ஊருக்குக் கிளம்பத் தயாரானார்கள். மாமா வாசலில் திரும்பினார்.

"பரம்பரையில இல்லீன்னு, பொண்ணுப் பாக்க வாறவியகிட்ட நீயே உன்ற வாயால சொல்லிப்போடு, அம்முணி."

"அதுக்கு நான் இருக்கோணுமுங்களே, மாமா."

வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். கேரட் பையைக் கீழே வைத்தார்.

"மாத்திரைய மறக்காமப் போடு," என்றார்.