ஓவன் மேல் ஒன்பது கட்டங்கள்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே பேருந்திலிருந்து இறங்கியபோது என் வலது பாதத்தில் 'டக்' என்றது. விழவில்லை, கால் மடங்கவும் இல்லை. செருப்பு வார் அறுந்திருக்கும் என்று குனிந்து பார்த்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வேதிப் பொறியியல் படித்துவிட்டு, அம்பத்தூரில் போல்ட்டுகளுக்குக் காட்மியம் முலாம் பூசும் சிறிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு (க்யூசி) பார்த்துவந்தேன். மூன்று வாரம் தைலம் தடவி நொண்டிய பிறகே எக்ஸ்ரே எடுத்தேன். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (அடி எதுவும் படாமல் எலும்பில் விழும் விரிசல்) என்றார்கள். அடுத்து எடுத்த டெக்சா ஸ்கேனில் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனை) என் எலும்புகள் வயதுக்கு மீறி மெலிந்திருப்பது தெரிந்தது.

எலும்பு மருத்துவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். தொட்டிகள், ரசாயனங்கள், கையுறைகள் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மதியம் எங்கம்மா சாப்பிடுவீங்க?" என்றார்.

பெருமையாகவே பதில் சொன்னேன். முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். அதை ஓவனில் சூடாக்கி வெளியேற்றாவிட்டால் நல்ல போல்ட்கூட ஒருநாள் காரணமில்லாமல் முறியும். அந்த ஓவனின் மேல்தகட்டில் இதமான சூடு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அதை அளந்து, மஞ்சள் பெயின்டில் ஒன்பது கட்டங்கள் போட்டு எண்ணும் எழுதியிருந்தேன். எங்கள் ஷிஃப்டில் ஒன்பது பேர், ஆளுக்கொரு கட்டம், சாப்பிடுவதும் அதன் பக்கத்திலேயே. அதிலிருந்து டிபன் பாக்ஸ் வைப்பதில் சண்டையே கிடையாது. என்னுடையது நான்காம் எண்.

அங்கிருந்து பத்தடி தள்ளித்தான் காட்மியம் ஆக்சைடு தூளை எடைபோடுவோம். அந்தத் தூள் பறந்து சோற்றிலும் விழுந்திருக்கும் என்று, மருத்துவரிடம் இதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

அவர் அவசரப்படாமல் விளக்கினார். உடலுக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். அது அங்கே வடிகட்டியைப் பழுதாக்கினால் எலும்புக்கு வேண்டிய சத்துகள் சிறுநீரில் போய்விடும். எலும்பையும் அது நேரடியாகத் தாக்கும். என்னிடம் இரும்புச்சத்து குறைவு. அப்படிப்பட்ட உடல் காட்மியத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். வைட்டமின் டி-யும் குறைவு என்பதால் விரிசலுக்கு இது ஒன்றே காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வடிகட்டி கசிகிறதா என்பதுதான் முக்கியம். கசியாவிட்டால் எலும்பு தேறிவிடும். கசிந்தால் வழி நீளம்.

எனக்கு மற்ற எட்டுப் பேரின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. கட்டம் போட்டுக் கொடுத்தவள் நான்.

மறுநாள், விரிசலுக்காக மருத்துவர் மாட்டிவிட்ட கனத்த காலணியோடு போய் எல்லோரிடமும் சொன்னேன். தின்னர் ஊற்றி நானே கட்டங்களை அழித்தேன். முதலில் பேசியவர் இருபது வருடமாக முலாம் தொட்டியருகே நின்று வேலை செய்யும் தேவராஜ் அண்ணன். தொழிற்பேட்டை வருவதற்கு முன்பிருந்தே அம்பத்தூரில் இருக்கும் குடும்பம் அவருடையது.

"இன்னா மேடம், பஸ்லேர்ந்து எறங்கனதுக்கே ஒடஞ்சிச்சா? உன்ன க்யூசி பாஸ் பண்ணது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ வர்றதுக்கு மின்னாடி தொட்டி பக்கத்துலயே குந்திகினு துன்னுவோம். நீ பத்தடி தள்ளித்தான் வெச்ச. மொதல்ல டெஸ்ட்டு எடு, அப்பால அழு."

முதலாளி ஒன்பது பேருக்கும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். காட்மியத்தின் அளவோடு பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் (வடிகட்டி பழுதானால் சிறுநீரில் கசியும் சிறிய புரதம்) பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடும் நான், முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாளும் ஒன்றுகூடப் போடவில்லை. அம்மாவுக்கு அதுவே பெரிய கவலையாக இருந்தது.

முடிவு வந்தது. யாருக்கும் கசிவு இல்லை. காட்மியம் எனக்கு மட்டும் அளவுக்கு மேல். தேவராஜ் அண்ணன் தாளை வாங்கிப் பார்த்து அறிவித்தார்: "எட்டு பேரு பாஸு. மேடம் மட்டும் ரீவொர்க்கு." தேறாத போல்ட்டைத் திரும்பச் சரிசெய்வதற்கு எங்களிடம் அதுதான் பெயர். இந்த முறை நான்தான் முதலில் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

காட்மியத்தை இழுத்து வெளியேற்ற எனக்கு மருந்து தரவில்லை. அது சிறுநீரகத்துக்கே தொல்லையாகலாம் என்றார் மருத்துவர். தூள் இல்லாத அறைக்கு வேலை மாறியது. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, ஆறு வாரம் அந்தக் கனத்த காலணி. காட்டுப்பாக்கம் வீட்டில் தினமும் முருங்கைக்கீரை. "இன்னைக்குமா?" என்று கேட்டால் அம்மா, "ரீவொர்க் முடிய வேணாமா?" என்பார்.

இதே வேலையில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். தொட்டி இருக்கும் கூரைக்குக் கீழே சாப்பிடாதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். சீருடையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கை வலியோ கால் வலியோ, மருத்துவரிடம் வேலையை முதலில் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை பரிசோதனை. நாங்கள் ஒன்பது பேரும் போகிறோம், ஒரே வேனில், போகும் வழியெல்லாம் பாட்டு. இப்போது கை கழுவி, உடை மாற்றி, முற்றம் தாண்டிப் போய் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சோறு ஆறித்தான் போயிருக்கும். வத்தல் மாதிரி காய்கிறோம் என்று தேவராஜ் அண்ணன் குறைபடுவார். ஆனால் முதலில் போய் உட்காருவதும் அவர்தான்.

அடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் ஏறியிருந்தது. எனக்குள் இருக்கும் காட்மியத்தில் பாதி வெளியேறவே இருபது, முப்பது ஆண்டு ஆகலாம். அதற்குள் என் எலும்புகள் பழையதைக் கரைத்துக் கரைத்துப் பெரும்பாலும் புதிதாகியிருக்கும். முன்பெல்லாம் உடம்பை ஏற்கெனவே கட்டி முடித்த ஒன்றாக நினைத்திருந்தேன். வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, நான் தூங்கும்போதும்.

பாடியில் தினமும் இறங்குகிறேன். "எறங்கும்மா, எறங்கு" என்று கண்டக்டர் அவசரப்படுத்துவார். அரை நொடி எனக்கு வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, புது வீட்டுக்குள் நுழைவதுபோல, வலது காலை முதலில் வைக்கிறேன்.