கட்டியவர் அவிழ்க்க வேண்டிய கயிறு

பதினெட்டாவது நாள் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் காரில் ஏறும்போது நைனா, "போதும்மா. நான் ஊருக்குப் போறேன்," என்றார். இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சு, நடுவில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்த என் கத்தல் செங்கல்பட்டு தாண்டியும் ஓயவில்லை. நைனா வழக்கம்போல் பின்சீட்டின் மூலையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி வந்தார். அதில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஒரு மாதமாக நான் யார்மேல்தான் கோபப்படவில்லை? ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், சொல்லாமல் கொள்ளாமல் முளைக்கிற வேகத்தடைகளின் மேல், குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோக்களின் மேல். இந்தச் சிகிச்சைக்கு மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடலும் பையும் கதிர் படும் இடத்தைவிட்டு விலகியிருக்கும். தினமும் மேசையில் படுக்கவைத்து முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பை நிறையவில்லை என்றால் இறக்கிவிடுவார்கள். எழுபத்தோரு வயது மனிதர், வாழ்நாள் முழுக்க வரப்போரம் ஒதுங்கிப் பழகியவர், பெற்ற மகளிடம் தினம் "ரொம்பிடிச்சி" என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதியைச் சொல்லி மீதியைச் சுவரைப் பார்த்து முழுங்குவார். ஆறாவது நாள் வெட்கத்தில் தண்ணீரையே குடிக்காமல் வந்துவிட்டார். அவரை மேசையிலிருந்து இறக்கி அனுப்பினார்கள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்து நான் அவரைத் திட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வேறு. நான் அணுபுரத்தில் குடியிருக்கிறேன். பக்கத்து அணுமின் வளாகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. ஊரிலிருந்து அத்தை போன் செய்து, உங்கள் அணுமின் நிலையத்துக் கதிரையே இவருக்கும் கரண்டாக வைக்கிறார்களாமே, அது உடம்பிலேயே தங்கிவிடுமாமே, பிள்ளை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறைக்குள் தங்குமா, மிஷினை நிறுத்தினால் கதிரும் நின்றது, அவ்வளவுதான் என்றேன். இதையே பக்கத்து வீட்டில் சொன்னேன், காய்கறிக்காரம்மாவிடம் சொன்னேன், என் கணவரிடம் சொன்னேன். நைனாவிடம் சொன்னேனா என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை.

காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்காக நான் மதிய ஷிஃப்ட் மாற்றி வாங்கியிருந்தேன். வந்ததும் அவரை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்கு ஓடுவேன். அன்று சண்டையில் தலை வலித்தது. லீவு சொல்லிவிட்டு, எப்படியும் சம்மதிக்க வைத்துவிடுவது என்ற முடிவோடு கால் மணி நேரம் கழித்து நானும் உள்ளே போனேன்.

வீட்டின் பின்அறையில்தான் நைனா தங்கியிருந்தார். அறை வாசலில் குறுக்கே இடுப்பளவில் ஒரு நைலான் கயிறு, அதில் அவர் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நாலு வயதுப் பாப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்டடைக் குச்சியால் ஒரு பந்தை உள்ளே தள்ளுவாள், அவர் காலால் திருப்பித் தள்ளுவார். அவள் கை அந்தக் கயிற்றைத் தாண்டவே இல்லை. நான் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழையப் போனேன்.

"அம்மா, அது தாத்தா ஏரியா," என்றாள் பாப்பா. "போகக் கூடாது."

யார் சொன்னது என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன். என் கணவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "நீதானே சொன்ன?" என்றார்.

நான்தான். சிகிச்சை தொடங்கும் முன்பு, நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு ஊசியில் கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். ஒரு நாளில் அது போய்விடும், அந்த ஒரு நாள் மட்டும் குழந்தையை மடியில் வைக்க வேண்டாம் என்றார்கள். அந்தக் கயிற்றை அன்று நான் கட்டினேன். தட்டு தனி, டம்ளர் தனி என்று தேவையே இல்லாத உத்தரவும் போட்டேன். மறுநாள் எலும்பில் ஒன்றும் இல்லை என்று சேதி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கயிறு மறந்துபோயிற்று. அடுத்த வாரமே அது எனக்குத் துணி காயும் கொடியாகிவிட்டது. அவர் தனியே சாப்பிட்டதை, மகள் வீட்டில் மாப்பிள்ளை எதிரே உட்காரக் கூச்சம் என்று நினைத்தேன். பின்சீட்டு மூலையைக் கால் நீட்ட வசதி என்று நினைத்தேன்.

"ஒரு நாளைக்குத்தான் நைனா அது," என்றேன். "ரெண்டு மாசமா ஏன் யாரும் அவுக்கல?"

"நீ கட்டின கவுறு. நீதான அவுக்கணும்?" என்றார் அவர்.

எங்கள் வேலையில் அப்படித்தான். கதிர்வீச்சு இருக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியவர்தான் அளந்து பார்த்து அவிழ்க்க வேண்டும். மேலதிகாரியே ஆனாலும் தொடக் கூடாது. முன்பு ஒரு தடவை எவனோ அவசரத்துக்கு நான் கட்டியதை அவிழ்த்துவிட்டான். அன்று சாப்பாட்டு வேளையில் நான் போட்ட கூச்சலை, பொங்கலுக்கு வந்திருந்த நைனாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் வாய்க்குப் பயந்த வீடு. ஒருவருக்கும் அந்தக் கயிற்றைத் தொடத் துணிச்சல் வரவில்லை.

"அந்தக் கரண்டும் தெனம் வச்சிகினே கீறாங்க," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "பத்து நாளு போனா இன்னும் ஏறும். ஏறினா நீ எப்பவும் அவுக்க மாட்ட. இத்தோட வுட்டுட்டு ஊருக்குப் போயிட்டா புள்ளைக்காவது நல்லது."

பேத்திக்காகத் தன் வைத்தியத்தையே விட்டுவிட்டுப் போகப் பார்த்திருக்கிறார். அதை நான் வழி நெடுக முரட்டுப் பிடிவாதம் என்று ஏசிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தை என்மேல் காட்டத் தெரியவில்லை. துண்டை இழுத்துக் கீழே எறிந்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகம் உடைந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அத்தைக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். விளக்கு, வெளிச்சம், எல்லாம். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கயிறு தரையில் விழுந்ததும் பாப்பா மட்டும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நைனா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார். சோற்றுக் கை ஒருபுறம், வெறுங்கை ஒருபுறம், அவள் மேல் படாமல், என்னைப் பார்த்தபடி அப்படியே வைத்திருந்தார்.

"புடி நைனா," என்று கத்தினேன். எனக்கு வேறு குரல் கிடையாது.